மகரந்தத்துக்குக் கிடைத்த வெற்றி நாய்க்குச் செல்லாது

"நாயை எதுக்குக் குடுக்கணும்? அலர்ஜிக்குத்தான் ஊசி இருக்கே, போட்டுக்கிட்டா சரியாயிடும்." நாய் வளர்ப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் இந்தப் பேச்சு வராமல் இருப்பதில்லை. லேப்ரடாரும் ஷிட்சூவும் அடுக்குமாடி வீடுகளில் குடியேறி, சோபாவிலும் கட்டிலிலும் படுத்துப் பழகிவிட்ட காலம் இது. குட்டி வந்து ஓரிரு ஆண்டு கழிந்த பிறகு, முப்பதைத் தாண்டிய ஒருவருக்குக் காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்மல், கண்ணில் அரிப்பு, இரவில் நெஞ்சுக்குள் விசில் சத்தம் என்று தொடங்குகிறது. பரிசோதனை செய்தால் நாய் என்று வருகிறது. பிள்ளைபோல வளர்த்ததைக் கொடுக்க மனம் வராது. இளைப்பைப் பொறுத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது? அந்த நேரத்தில் "ஊசி போட்டுக்கொள்ளுங்கள்" என்ற சொல் தேவவாக்காகக் கேட்கிறது.

அந்தச் சொல்லைத்தான் இங்கே மறுக்கிறேன். வளர்ந்தவர்களின் நாய் அலர்ஜியை ஊசி தணிக்கும் என்று உறுதியளிக்க இன்றைய மருத்துவத்தின் கையில் போதுமான ஆதாரம் இல்லை. முதல் சில மாதங்கள் வாரம் ஒருமுறையோ இருமுறையோ, பிறகு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, மொத்தம் மூன்று முதல் ஐந்து ஆண்டு கையை நீட்டச் சொல்லும் சிகிச்சை இது. அவ்வளவு கேட்கும் சிகிச்சை, பதிலுக்கு என்ன தரும் என்பதைக் காட்டக் கடமைப்பட்டது. நாய் விஷயத்தில் அது இன்னும் காட்டவில்லை. காட்டிவிட்டதுபோலப் பேசுவது நோயாளிக்குச் செய்யும் அநியாயம்.

அலர்ஜி ஊசி என்ற முறையே பொய் என்று சொல்பவர்களோடு நான் சேரவில்லை. 1911இல் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் லெனார்ட் நூன் புல்லின் மகரந்தத்தைச் சாறெடுத்து, மிகச் சிறிய அளவில் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போய் ஊசியில் ஏற்றினார். புல் பூக்கும் பருவத்தில் வரும் தும்மலும் கண்ணெரிச்சலும் அதனால் தணிவதாக லான்செட் இதழில் எழுதினார். அவர் தொடங்கிய வேலையைச் சகா ஜான் ஃப்ரீமன் தொடர்ந்தார். 1999இல் ஸ்டீபன் டர்ஹாம் குழு, புல் மகரந்த ஊசியை மூன்று நான்கு ஆண்டு போட்டு நிறுத்தியவர்களுக்கு, நிறுத்திய பிறகும் குறைந்தது மூன்று ஆண்டு பலன் நிலைத்ததை ஒப்பீட்டு ஆய்வில் காட்டியது. டஸ்ட் மைட் என்னும் தூசி உண்ணிக்கும் நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. மாத்திரையைப்போல நோயை அமுக்கி வைக்காமல், உடலின் எதிர்வினையையே மாற்றும் சிகிச்சை இது ஒன்றுதான். அந்தப் பெருமையை நான் குறைக்கவில்லை. அந்தப் பெருமை, சோதித்துப் பார்த்த பொருளுக்கு மட்டுமே உரியது என்கிறேன்.

புல்லுக்குப் பலித்தது, தூசிக்குப் பலித்தது, நாயும் ஓர் அலர்ஜிப் பொருள்தானே, அதற்கு மட்டும் ஏன் பலிக்காது என்று கேட்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே நியாயத்தை நம்பி மருத்துவ உலகம் ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஏமாந்திருக்கிறது. நாய் ஊசிக்காக வாதாடும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு என்பதால் அதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

தேனீயோ குளவியோ கொட்டினால் சிலருக்கு ரத்த அழுத்தம் சரிந்து, தொண்டை வீங்கி அடைத்து, உயிரே போய்விடும். அப்படிப்பட்டவர்களுக்காக 1930 வாக்கில் ஓர் ஊசி புழக்கத்துக்கு வந்தது. பூச்சியை முழு உடலோடு அரைத்துச் சாறெடுத்து, அளவைக் கூட்டிக் கூட்டி ஏற்றுவார்கள். பூச்சியின் உடலில்தான் விஷம் இருக்கிறது, ஆகவே சாற்றிலும் இருக்கும் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். போட்டுக்கொண்டவர்கள் பயம் நீங்கியதாகச் சொன்னார்கள். மருத்துவர்கள் தம் அனுபவத்தில் பலன் கண்டதாக எழுதினார்கள். 1978இல்தான் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் லிக்டென்ஸ்டைனின் குழு இதை முறையாகச் சோதித்தது. ஒரு பிரிவுக்குச் சுத்தமான பூச்சி விஷம், இன்னொரு பிரிவுக்கு வழக்கமான முழு உடல் சாறு, மூன்றாவது பிரிவுக்கு மருந்தே இல்லாத ஊசி. பிறகு எல்லா முன்னேற்பாடுகளோடும் பூச்சியைக் கொட்டவைத்துப் பார்த்தார்கள். விஷ ஊசி போட்டிருந்த 18 பேரில் உடல் முழுக்கப் பரவும் எதிர்வினை வந்தது ஒருவருக்கு. முழு உடல் சாறு போட்டிருந்த 11 பேரில் 7 பேருக்கு. மருந்தில்லாத ஊசி போட்டிருந்த 12 பேரிலும் 7 பேருக்கு.

அரை நூற்றாண்டு போட்ட ஊசியும் வெறும் ஊசியும் ஒன்றாகவே இருந்தன. ஊசிச் சிகிச்சையின் கொள்கையில் பிழை இல்லை. அதே ஆய்வில் விஷ ஊசி அற்புதமாக வேலை செய்தது. பிழை புட்டிக்குள் இருந்தது. சரியான புரதம், வேண்டிய அளவு, சாற்றுக்குள் இல்லை.

நாய் ஊசியின் சிக்கலும் புட்டிக்குள்தான்.

இந்தச் சிகிச்சை வேலை செய்யும் விதத்தை யோசித்தாலே இது விளங்கும். அலர்ஜி உள்ளவரின் உடல் ஒரு குறிப்பிட்ட புரதத்தை எதிரியாகக் கருதி ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தை உண்டாக்குகிறது. அதே அலர்ஜிப் புரதத்தைக் கூடிக்கொண்டே போகும் அளவில் தோலுக்கடியில் ஏற்றும்போது, அமைதிப்படுத்தும் டி அணுக்கள் பெருகுகின்றன. ஐஜிஜி4 என்ற வேறொரு எதிர்ப்புப் புரதம் உருவாகி வழிமறிக்கிறது. எந்தப் புரதத்துக்கு அலர்ஜியோ அது புட்டியில் இருக்க வேண்டும். போதுமான அளவில் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் தண்ணீரை ஏற்றுவதற்குச் சமம்.

பூனையில் இந்தக் கணக்கு எளிது. பூனை அலர்ஜி உள்ளவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் ஃபெல்-டி-1 என்ற ஒரே புரதத்துக்குத்தான் எதிர்வினை. அந்த ஒன்றை அளந்துவிட்டால் சாற்றை அளந்ததாகிவிடும். நாய் அப்படி இல்லை. கேன்-எஃப்-1 தொடங்கி கேன்-எஃப்-8 வரை எட்டு அலர்ஜிப் புரதங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். முதன்மையானதாகச் சொல்லப்படும் கேன்-எஃப்-1க்கே நாய் அலர்ஜிக்காரர்களில் பாதி முதல் முக்கால் பங்கினர்தான் எதிர்வினை காட்டுகிறார்கள். மீதிப் பேருக்கு வேறு ஏதோ ஒன்று. கேன்-எஃப்-3 ரத்தத்தில் இருக்கும் ஆல்புமின். பூனையின் ஆல்புமினோடு ஒத்துப்போவது. கேன்-எஃப்-6 பூனை, குதிரைப் புரதங்களின் சாயல் கொண்டது. 2009இல் அடையாளம் காணப்பட்ட கேன்-எஃப்-5 இன்னும் விசேஷமானது. அது ஆண் நாயின் புராஸ்டேட் சுரப்பியில் உண்டாகிச் சிறுநீர் வழியாக ரோமத்தில் ஒட்டுகிறது. பெண் நாயிடம் இல்லை. நாய் அலர்ஜி உள்ளவர்களில் கணிசமானவர்களுக்கு இந்த ஒன்று மட்டுமே பிரச்சினை. அவர்களுக்குக் கேன்-எஃப்-1 நிறைந்த ஊசியை ஐந்து ஆண்டு போட்டாலும் எதைச் சாதிக்க முடியும்?

சாறு தயாராகும் விதத்தையும் பாருங்கள். நாயின் ரோமத்தையும் உதிரும் தோல் செதில்களையும் சேகரித்து, கொழுப்பு நீக்கி, உப்புக் கரைசலில் ஊறவைத்து, வடிகட்டி எடுப்பது. எந்த இன நாய், எத்தனை நாய், ஆணா பெண்ணா, குளிப்பாட்டி எத்தனை நாள் ஆயிற்று என்பதைப் பொறுத்து உள்ளே வருவது மாறும். அமெரிக்காவில் மருந்து நிர்வாகம் 19 அலர்ஜிச் சாறுகளுக்குத் தர அளவு வகுத்திருக்கிறது. பூனை அந்தப் பட்டியலில் இருக்கிறது, தூசி உண்ணி இருக்கிறது, புற்கள் இருக்கின்றன, பூச்சி விஷங்கள் இருக்கின்றன. நாய் இல்லை. வியன்னா ஆய்வாளர்கள் 2011இல் ஐரோப்பிய நிறுவனங்களின் தோல் சோதனைக்கான நாய்ச் சாறுகளை எடுத்துப் பிரித்துப் பார்த்தபோது, ஒன்றுக்கொன்று புரத அளவு பெரிதும் வேறுபட்டது. சிலவற்றில் சில புரதங்களே காணோம். பரிசோதனைக்கான சாறே இப்படியென்றால் பரிசோதனை முடிவை நம்பி எழுதும் ஊசிச் சீட்டின் கதி என்ன?

சென்னையில் இருக்கும் சிநேகிதி ஒருத்தி தன் ஊசி மருந்தை எனக்குக் காட்டினாள். ஃப்ரிட்ஜ் கதவில் முட்டைகளுக்குக் கீழ்த்தட்டில், ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள், ரப்பர் மூடி போட்ட சின்னஞ்சிறு புட்டிகள். லேபிளில் பேனாவால் நுணுக்கி எழுதியிருந்தது: வீட்டுத் தூசி, மைட், கரப்பான், இரண்டு மகரந்தங்கள், ஒரு பூஞ்சை, கடைசியாக நாய். அதற்குக் கீழே 1:50. அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. இத்தனை கிராம் செதிலை இத்தனை மில்லி திரவத்தில் ஊறவைத்தோம் என்பதுதான் அதன் பொருள். உள்ளே இறங்கிய அலர்ஜிப் புரதம் எவ்வளவு என்பதை அது சொல்லாது. எத்தனை கரண்டி காபித்தூள் போட்டோம் என்று மட்டும் சொல்லிவிட்டு, டிகாஷன் எவ்வளவு திக்காக இறங்கியது என்பதைச் சொல்லாமல் விடுவது போன்றது. அதுவும் ஒரு புட்டிக்குள் ஏழு பொருள். நாயின் பங்கு ஏழில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. "எனக்கு நாய்க்குத்தானே ஊசி?" என்று அவள் கேட்டாள். நாய்க்குத்தான் போடுகிறார்கள் என்று நம்பித்தான் அவள் மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டிருந்தாள்.

அளவு எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஒரு நல்ல ஆய்வு உண்டு. அதையே நாய் ஊசிக்கு ஆதாரமாகவும் காட்டுகிறார்கள் என்பதால் அதை நேராகவே எதிர்கொள்கிறேன். 2006இல் ஹெரால்ட் நெல்சன் உள்ளிட்டோர் அமெரிக்காவில் 28 பேரை வைத்துச் செய்தது. ஒரு பிரிவுக்கு மருந்தில்லாத ஊசி. மற்றவர்களுக்குப் பராமரிப்பு ஊசியில் கேன்-எஃப்-1 முறையே 0.6, 3, 15 மைக்ரோகிராம். தோல் சோதனையிலும் ஐஜிஜி4 அளவிலும் தெளிவான மாற்றம் சீராகத் தெரிந்தது 15 மைக்ரோகிராம் பிரிவில்தான். சரி, பலன் தெரிந்துவிட்டதே என்பார்கள். பலன் தெரிந்தது தோலிலும் ரத்தத்திலும். அந்த ஆய்வு சில வாரங்களில் முடிந்தது. நாயோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு தும்மல் குறைந்ததா, இன்ஹேலர் தேவை குறைந்ததா என்பதை அளப்பதற்காக அது செய்யப்படவில்லை. ஊசி போட்டுக்கொள்பவர் கேட்பது அது ஒன்றைத்தான்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்த 15 மைக்ரோகிராமை எட்ட, அசிட்டோனால் வீழ்படிவாக்கிச் செறிவூட்டிய நாய்ச் சாறு தேவை. அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் இருக்கும் ஹாலிஸ்டர்–ஸ்டியர் நிறுவனம் தயாரிப்பது. சாதாரண நாய்ச் சாறுகளில் கேன்-எஃப்-1 மிகவும் குறைவு. ஓர் ஊசியில் ஏற்றக்கூடிய அரை மில்லிக்குள் அந்த அளவைக் கொண்டுவரவே முடியாது. ஆக, இருக்கும் ஒரே நல்ல அளவு ஆய்வும் சொல்வது, சாதாரணச் சாற்றை வைத்துப் போடும் ஊசி குறைவான அளவில் போடும் ஊசி என்பதைத்தான். புட்டியில் 1:50 என்று எழுதிக்கொடுப்பவர் இந்த ஆய்வைத் துணைக்கு அழைக்க முடியாது.

நோயாளிகளின் தொந்தரவை அளந்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன? எண்ணிக்கையில் அவை கொஞ்சம், அளவில் சிறியவை. பின்லாந்தில் 1984இல் வந்தது ஆஸ்துமா உள்ள குழந்தைகளைப் பற்றியது. நாற்பது வயதுக்காரருக்கு அதைப் பொருத்திப் பேச முடியாது. ஸ்வீடனில் பூனைச் சாறு, நாய்ச் சாறு இரண்டையும் வைத்து எண்பதுகளில் தொடங்கிச் செய்த தொடர் ஆய்வில், பூனைப் பக்கம் தெரிந்த முன்னேற்றம் நாய்ப் பக்கம் அதே உறுதியோடு தெரியவில்லை. 2016இல் அமெரிக்க அலர்ஜி மருத்துவ இதழ் ஒன்றில் அதுவரையிலான ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்த மதிப்புரை வந்தது. நாய் ஊசியின் பலன் மோசமாகவும் ஒன்றுக்கொன்று முரணாகவும் இருக்கிறது என்பது அதன் முடிவு. சாறுகளின் தரக் குறைவும், நாய்ப் புரதங்களின் சிக்கலான அமைப்பும் காரணம் என்றது. இதைச் சொன்னவர்கள் ஊசிக்கு எதிரிகள் அல்லர். ஊசி போடும் துறையைச் சேர்ந்தவர்கள்.

"எனக்குத் தெரிஞ்சவருக்குச் சரியாயிடுச்சே" என்ற பதில் உடனே வரும். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் என்ன சரியாயிற்று, எதனால் என்பதைத்தான் கேட்க வேண்டும். நம் ஊர்க் கடலோர ஈரப்பதத்தில் தூசி உண்ணி செழித்து வளர்கிறது. மெத்தை, தலையணை, சோபா எல்லாம் அதற்கு வீடு. தோல் சோதனையில் நாய்க்கும் மைட்டுக்கும் சேர்ந்தே தடிப்பு வந்த ஒருவர், இரண்டும் கலந்த ஊசியைப் போட்டுத் தேறினால், தேற்றியது மைட் சாறாகவே இருக்கலாம். அதற்குத்தான் ஆதாரம் இருக்கிறது. பெயர் மட்டும் நாய் ஊசிக்குப் போய்விடும். தவிர, ஊசி தொடங்கும்போதே மருத்துவர் மூக்குக்கு ஸ்டீராய்டு ஸ்ப்ரே எழுதுகிறார், நாயைக் கட்டிலில் ஏற்றாதே என்கிறார், போர்வைகளை வெந்நீரில் அலசச் சொல்கிறார். இவற்றில் எது வேலை செய்தது? மருந்தில்லாத ஊசி போட்டவர்களும் ஆய்வுகளில் நன்றாகவே தேறுவது அலர்ஜித் துறையில் நெடுங்காலமாகத் தெரிந்த விஷயம். அதனால்தான் ஒப்பீட்டுப் பிரிவு இல்லாத ஆய்வுகளை, அவை எத்தனை நோயாளிகளின் திருப்தியைத் திரட்டிக் கொண்டுவந்தாலும், ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தேனீச் சாற்றுக்கும் திருப்தியான நோயாளிகள் இருந்தார்கள்.

தோல் சோதனையில் தடிப்பு வந்தாலே அலர்ஜி நோய் என்று எழுதிவிடும் வழக்கமும் இதில் கலந்திருக்கிறது. தடிப்பு, உடலில் ஐஜிஇ இருக்கிறது என்பதற்கு மட்டும் அடையாளம். நாயோடு உருண்டு புரண்டாலும் ஒன்றும் ஆகாதவர்களுக்கும் தடிப்பு வரும். ஊருக்குப் போய்ப் பத்து நாள் நாயைப் பிரிந்திருந்தால் குறைகிறதா, நாய் இருக்கும் வேறு வீட்டுக்குப் போனால் கூடுகிறதா என்று விசாரிக்காமல் தடிப்பை மட்டும் பார்த்து ஊசி தொடங்குவதை நான் சிகிச்சை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

"ஆதாரம் இல்லை என்பதாலேயே பலன் இல்லை என்றாகிவிடுமா? முயன்று பார்ப்பதில் என்ன நஷ்டம்?" எதிர்த் தரப்பின் வலுவான வாதம் இதுதான். முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன். நல்ல சாறு, சரியான அளவு, சரியாகத் தேர்ந்த நோயாளி என்று அமைந்தால் நாய் ஊசி ஒருநாள் பலிக்கலாம். அதற்கு ஆய்வு செய்யட்டும். ஆய்வில் சேர்கிறவரிடம் கட்டணம் வாங்க மாட்டார்கள். எல்லாவற்றையும் விளக்கி, சம்மதம் வாங்குவார்கள். சோதித்து முடியாததை, சோதித்து முடித்ததைப் போலச் சொல்லிக் காசுக்குப் போடுவதில் ஆய்வின் நேர்மையும் இல்லை, சிகிச்சையின் உறுதியும் இல்லை.

நஷ்டம் இல்லை என்ற மறுபாதியை ஒப்புக்கொள்ளவே முடியாது. பிரிட்டனில் 1957 முதல் அலர்ஜி ஊசியால் 26 பேர் இறந்ததை மருந்துப் பாதுகாப்புக் குழு 1986இல் கணக்கெடுத்து அறிவித்ததும், அந்த நாட்டில் இந்தச் சிகிச்சையே ஏறக்குறைய நின்றுபோனது. இறந்தவர்களில் பெரும்பாலோர் ஆஸ்துமா நோயாளிகள். இன்று பாதுகாப்பு எவ்வளவோ மேம்பட்டிருக்கிறது. உயிரிழப்பு பல லட்சம் ஊசிகளுக்கு ஒன்று என்ற அளவில் மிக அரிது. ஆனால் அந்த அரிதுத்தன்மை சில நிபந்தனைகளால் கிடைத்தது: ஊசிக்குப் பின் 30 நிமிடம் மருத்துவமனையிலேயே உட்கார வேண்டும், அட்ரினலின் தயாராக இருக்க வேண்டும், கட்டுக்குள் வராத ஆஸ்துமா உள்ளவருக்குப் போடவே கூடாது. புட்டியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, தெருமுனைக் கிளினிக்கில் நர்ஸ் கையால் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் வீடு திரும்பச் சொல்லும் இடத்தில் அந்த நிபந்தனை எதுவும் இல்லை. என் சிநேகிதி அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தாள். உறுதியான பலன் இருக்கும் பூச்சி விஷ ஊசிக்காகச் சிறு ஆபத்தை ஏற்கலாம். பலன் உறுதியில்லாத ஒன்றுக்காக எவ்வளவு சிறிய ஆபத்தும் அதிகம்தான்.

பணம் இன்னொன்று. வெளிநோயாளிச் சிகிச்சை என்பதால் இந்தச் செலவு நம்மில் பெரும்பாலோருக்குச் சொந்தக் கையிலிருந்துதான் போகிறது. நெதர்லாந்தில் 2013இல் வெளிவந்த ஆய்வு, அலர்ஜிச் சிகிச்சை தொடங்கிய ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மருந்தகப் பதிவுகளை ஆராய்ந்தது. குறைந்தபட்சம் தேவையான மூன்று ஆண்டை எட்டியவர்கள் 18 சதவீதம். ஊசிக்காரர்களை மட்டும் எடுத்தால் 23 சதவீதம். மற்றவர்கள் பாதி வழியில் நின்றுவிட்டார்கள். அங்கேயே அப்படி. அலுவலகத்தில் அரைநாள் விடுப்பு கேட்டு, போக்குவரத்து நெரிசலில் ஊசிக்குப் போய்வரும் நம் ஊர்க்காரர் எத்தனை பேர் ஐந்தாம் ஆண்டைப் பார்ப்பார்கள்?

என்னை மிகவும் கவலைப்பட வைப்பது பணமும் இல்லை, அரிதான ஆபத்தும் இல்லை. ஊசியை நம்பித் தள்ளிப்போடும் காரியங்கள்தான். "கோர்ஸ் முடியட்டும், சரியாகிவிடும்" என்று நாயைப் படுக்கையிலேயே வைத்துக்கொள்கிறார்கள். ஊசிதான் போடுகிறோமே என்று தினசரி ஸ்ப்ரேயை விட்டுவிடுகிறார்கள். இரவில் விசில் சத்தம் கேட்டால் நீல இன்ஹேலரை இரண்டு முறை அடித்துக்கொண்டு தூங்கிவிடுகிறார்கள். காற்றுக்குழாய் அழற்சி ஆண்டுக்கணக்கில் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. வளர்ந்தவர்களின் ஆஸ்துமாவில் அப்படி இழக்கும் நுரையீரல் திறன் முழுக்கத் திரும்பி வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வீட்டில் ஒருவருக்கு அலர்ஜி இருப்பது தெரிந்தும், ஊசி இருக்கும் தைரியத்தில் குட்டி வாங்கி வருபவர்களும் உண்டு. ஊசி கைகொடுக்காதபோது அந்த நாய் எங்கே போகிறது என்பது தெருநாய்களுக்குச் சோறு வைப்பவர்களைக் கேட்டால் தெரியும். கழுத்துப் பட்டையின் தடம் மறையாத லேப்ரடார்கள் கோயில் வாசலிலும் பைபாஸ் ஓரத்திலும் நிற்கின்றன.

"ரோமம் உதிராத இனம்" என்று சொல்லி விற்கப்படும் நாய்களைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 2012இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் பூடில் போன்ற அந்த இனங்களின் ரோமத்தில் கேன்-எஃப்-1 கூடுதலாகவே இருந்தது. அலர்ஜி முடியில் இல்லை. எச்சிலிலும் செதிலிலும் சிறுநீரிலும் இருக்கிறது.

அப்படியானால் என்னதான் வழி என்று கேட்பவர்களுக்கு என்னிடம் அதிசயம் எதுவும் இல்லை. நாயைப் படுக்கையறைக்குள் விடாமல் இருப்பது, வாரம் இரண்டு முறை குளிப்பாட்டுவது, மூக்கு ஸ்ப்ரேயையும் தடுப்பு இன்ஹேலரையும் நன்றாக இருக்கும் நாளிலும் விடாமல் எடுப்பது, தூக்கம் வராத வகை அலர்ஜி மாத்திரை. குளிப்பாட்டுவதால் குறையும் அளவு சில நாளில் பழையபடி ஏறிவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். கேன்-எஃப்-5 மட்டும்தான் காரணம் என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்தால், பெண் நாயை வளர்ப்பது பற்றியோ ஆண் நாய்க்குக் கருத்தடை செய்வது பற்றியோ மருத்துவரிடம் பேசலாம். இத்தனையும் செய்தும் ஆஸ்துமா அடங்கவில்லை என்றால் நாய்க்கு நல்ல வீடு ஒன்று பார்ப்பதே சரி. அதைச் சொல்வது கொடுமை என்று சிலர் நினைக்கிறார்கள். நாய் போன பின்பும் வீட்டில் அதன் புரதம் மாதக்கணக்கில் தங்கியிருக்கும் என்பதால், சீக்கிரம் எடுக்கும் முடிவு நாய்க்கும் நல்லது, மனிதருக்கும் நல்லது. இளம் நாய்க்கு வீடு கிடைக்கும். ஊசி முடியட்டும் என்று ஐந்து ஆண்டு காத்திருந்தபின் கிழட்டு நாய்க்கு யார் வீடு தருவார்கள்?

அலர்ஜி மருத்துவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே. நாய்க்கு ஊசி எழுதும்போது, மகரந்தத்துக்கும் தூசி உண்ணிக்கும் இருக்கும் ஆதாரம் இதற்கு இல்லை என்று நோயாளியிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். தெரிந்த பின்னும் ஒருவர் போட்டுக்கொள்ள விரும்பினால் அது அவர் உரிமை. தெரியாமல் போட்டுக்கொள்ளும்படி விடுவது உங்கள் தொழிலுக்கு அழகல்ல.

ஊசிக்கு நாள் குறித்திருப்பவர்கள் போகும் முன் கேட்க வேண்டியவை உண்டு. எனக்கு எந்த நாய்ப் புரதத்துக்கு அலர்ஜி என்று பார்த்தீர்களா? இந்தப் புட்டியில் அந்தப் புரதம் எத்தனை மைக்ரோகிராம்? நாய் மட்டுமா, வேறு என்னென்ன கலந்திருக்கிறது? எத்தனை மாதத்தில் பலன் தெரியாவிட்டால் நிறுத்துவீர்கள்? ஊசிக்குப் பிறகு அரை மணி நேரம் இங்கேயே உட்கார இடமும் அட்ரினலினும் இருக்கின்றனவா? பதிலைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர முடியாது என்றால், அந்த ஊசிக்குக் கையை நீட்டாதீர்கள்.